பால் புளித்தால்தான் தயிர்

“ஒரே தெருவை எத்தனை நாளைக்குத்தான் எடுப்பே? கிளம்பு, ஒரு நடை காசிக்குப் போயிட்டு வா.” புகைப்பட நண்பர் ஒருவர் பல வருடங்களாக எனக்குச் சொல்லிவரும் அறிவுரை இது. என்மேல் அக்கறை உள்ளவர். கேட்டால் லென்ஸ் இரவல் தருபவர். அவர் ஒருவரின் அபிப்பிராயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கேமரா வைத்திருக்கும் பத்துப் பேர் டீக்கடையில் கூடினால் ஒன்பது பேர் இதற்குத்தான் தலையாட்டுகிறார்கள். நல்ல படம் வேறெங்கோ இருக்கிறது. பழகிய இடத்தில் கண் மழுங்கிவிடும். மனசுக்கு உந்துதல் வேண்டுமென்றால் புது ஊர், புது முகம், புது வெளிச்சம் தேடிப் போக வேண்டும். வீடும் தெருவும் கை பழகுவதற்கு மட்டுமே. இந்தக் கருத்து தவறு என்பது என் கட்சி. பாதி சரி, பாதி தவறு என்று சமாதானம் பேசவும் எனக்கு விருப்பமில்லை.

நம்மூர்ப் புகைப்படக்காரர்களுக்குத் தனிப் பஞ்சாங்கமே இருக்கிறது. தை என்றால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. மாசியில் மயானக் கொள்ளை. சித்திரையில் கூவாகம். நவராத்திரிக்குக் குலசை தசரா. அது முடிந்ததும் புஷ்கர் ஒட்டகச் சந்தைக்கு ரயில் டிக்கெட். நடுவில் கை அரித்தால் காசி. இந்தப் பஞ்சாங்கத்தில் சாதாரண நாள் என்று ஒன்று கிடையாது. வருடத்தில் முந்நூற்றைம்பது நாள் கேமரா பைக்குள் சிலிக்கா பொட்டலத்தோடு தூங்கும்.

நானும் போயிருக்கிறேன். குலசேகரன்பட்டினத்துக்கு, அதே நண்பரின் லென்ஸோடு. இரண்டு இரவில் 1,870 படங்கள். காளி வேஷம் கட்டிய ஒருவரைச் சுற்றி இருபது பேர் நின்றோம். முன்னால் இருந்தவர் குனிய, பின்னால் இருந்தவர் அந்த முதுகின்மேல் முழங்கையை ஊன்ற, மூன்றாமவர் எங்கிருந்தோ ஸ்டூல் கொண்டுவந்து ஏறிக்கொள்ள, நிருபர்களிடம் மாட்டிய அமைச்சரைப் போல நடுவில் நின்றார் காளி. நாக்கை நீட்டினார், கண்ணை உருட்டினார், வேலைத் தூக்கிக் காட்டினார். பிறகு, “போதுமாண்ணே? காலு வலிக்கி” என்றார்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் படங்களெல்லாம் நன்றாகவே இருந்தன. அதுதான் தொல்லை. முந்தைய வருடங்களில் யார் யாரோ எடுத்து, பரிசு வாங்கி, என் மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரே படத்தை நான் 1,870 தடவை எடுத்திருந்தேன். வேஷக்காரர் வேஷத்தைத் தளர்த்திக்கொண்டு டீ குடித்ததை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுவும் இப்போது ஒரு தனி வகையாகிவிட்டது. சிவன் செல்போன் பேசுவார், எமன் புரோட்டா தின்பார். நாம் புன்னகைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போவோம்.

புது இடம் புதுக் கண்ணைத் தரும் என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. அப்படியானால் புது இடத்துக்குப் போனவர்கள் எல்லாரும் ஏன் ஒரே படத்தோடு திரும்புகிறார்கள்? காசியிலிருந்து வருபவர்களின் கார்டைப் பாருங்கள். படகைச் சுற்றி வட்டமிடும் குளிர்காலப் பறவைகள், சாம்பல் பூசிய சாமியார், படித்துறையில் மல்லாந்து கிடக்கும் படகு, அதன்மேல் ஒரு நாய். காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தெரியாத இடத்தில் நமக்குத் துணைக்கு இருப்பது முன்பு பார்த்த படங்கள் மட்டுமே. அவற்றைக் கைப்பிடித்துக்கொண்டுதான் நடக்கிறோம். இந்த இரவல் படங்கள் தீர்ந்த பிறகே சொந்தப் படம் தொடங்கும். சுற்றுலாவில் அவை தீர்வதற்குள் திரும்பும் ரயில் வந்துவிடுகிறது.

புகைப்படச் சுற்றுலா நடத்துகிறவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். ஒருமுறை பார்த்தேன்: சாயங்கால வெயில், ஆலமரம், பேசி அழைத்துவரப்பட்ட கிழவர், அவருடைய ஆடுகள். வெளிச்சக் கதிர் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு பையன் மரத்துக்குப் பின்னாலிருந்து புழுதியை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தான். கட்டணம் கட்டியவர்கள் வரிசையில் உட்கார்ந்து எடுத்தார்கள். ஆடுகள் நாலாவது தடவை நடக்க மறுத்தன. அங்கே இருந்தவர்களில் சுயபுத்தி உள்ளவை அவைதாம்.

எதிர்க்கட்சியின் ஆகப் பலமான வாதத்துக்கு வருகிறேன். “பழகப் பழகப் பாலும் புளிக்கும்.” தினமும் பார்ப்பதைக் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது என்பது உண்மை. வீட்டு மாடிப்படி எத்தனை என்று கேட்டால் எனக்கே சட்டென்று சொல்லத் தெரியாது. ஆனால் இந்தப் பழமொழியைச் சொல்பவர்கள் எல்லாரும் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்கள். பால் புளித்தால் நம் வீட்டில் யாரும் அழுவதில்லை. பால் புளித்தால்தான் தயிர். பிரச்சினை பழகுவதில் இல்லை, பாதியில் விட்டுவிடுவதில் இருக்கிறது. சலிப்பு வந்ததும் ஊர் மாற்றுகிறவர், பால் உறையும் முன்பே கொட்டிவிட்டு அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பவர்.

நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தோடி ராகம் வாசித்தார். போன கச்சேரியிலும் தோடிதானே என்று எந்த ரசிகரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனதில்லை. தோடி வேண்டும் என்றுதான் காத்திருந்தார்கள். சங்கீதத்தில் நமக்கு இயல்பாகப் புரியும் ஒன்று, கேமராவைத் தூக்கியதும் ஏன் மறந்துபோகிறது?

புகைப்படம் பிறந்த கதையே என் பக்கம்தான் சாட்சி சொல்லும். இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் ஆகப் பழைய கேமராப் படம், 1826 அல்லது 27இல் பிரான்சில் நியெப்ஸ் எடுத்தது. எங்கே போய் எடுத்தார்? தன் வீட்டு மாடி ஜன்னலுக்குப் போனார். தார் போன்ற ஒரு பொருளைப் பூசிய உலோகத் தகடு. வெளிச்சம் பதிய அத்தனை நேரம் பிடித்ததால் கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் ஒரே படத்தில் இரண்டு பக்கச் சுவர்களிலும் விழுந்திருக்கின்றன. கூரையும் புறாக்கூண்டும்தான் காட்சி. இங்கிலாந்தில் டால்பட் 1844இல் எடுத்த புகழ்பெற்ற படம் ‘திறந்த கதவு’. கதவோரம் சாத்திவைத்த துடைப்பம், அதன் நிழல், உள்ளே இருட்டு. நம் வீடுகளில் விருந்தாளி கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிற பொருள் அது. சாதாரண மனிதர்கள் கவனிக்காமல் தாண்டிப்போவதில்தான் ஓவியனின் கண் நிற்கிறது என்ற பொருள்படத் தன் புத்தகத்திலேயே இந்தப் படத்துக்கு நியாயமும் சொல்லிவைத்தார்.

அப்படியானால் தேடிப் போகும் பழக்கம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? என் சந்தேகம் சாமுவேல் போர்ன் போன்றவர்கள்மேல். 1863இல் இந்தியா வந்த ஆங்கிலேயர். கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டறைக் கூடாரம் எல்லாவற்றையும் கூலியாட்களின் தலையில் ஏற்றிக்கொண்டு இமயத்துக்குள் மூன்று முறை பயணம் போனார். அபாரமான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவரே சிம்லாவில் நின்றுகொண்டு, இங்கிலாந்தில் உள்ளதைப் போன்ற ஏரியும் பாலமும் இங்கே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். மனத்தில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்தமான மலையைத் தேடுவது துரைமார் பழக்கம். துரை போய்விட்டார், பழக்கம் நம் முதுகுப்பையில் தங்கிவிட்டது.

உடனே ஓர் ஆட்சேபம் வரும். ஜன்னலையே எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேறு வழியில்லாதவர்கள். வாய்ப்பு இருந்தால் போயிருப்பார்கள் என்பார்கள். இதற்குப் பதில் ஜோசப் சூடெக். பிராக் நகரத்துக்காரர், புத்தகம் பைண்டிங் செய்வது தொழில். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு கனத்த மரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நகரத்தை எடுத்தவருக்கு, ஜெர்மானிய ஆக்கிரமிப்பு வந்ததும் வெளியே எடுப்பது சிரமமாகிவிட்டது. 1940இல் தன் ஸ்டூடியோ ஜன்னலை எடுக்கத் தொடங்கினார். ஆவி படிந்த கண்ணாடி, வெளியே கோணலாக ஒரு மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு தம்ளர். வேறு வழியில்லாமல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர் 1945இல் முடிந்தது. தெரு திறந்துவிட்டது. சூடெக் அந்த ஜன்னலை எடுப்பதை 1954 வரை நிறுத்தவில்லை. அந்த ஒன்பது வருடங்களுக்கு என்ன காரணம் சொல்வார்கள்?

கார்த்தியே-பிரெஸ்ஸோனை இழுத்து வருபவர்களும் உண்டு. உலகம் சுற்றியவர், சரிதான். ‘தீர்மானமான கணம்’ என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் காட்டும் அவருடைய படம் எது? 1932இல் பாரிசில் ஒரு ரயில் நிலையத்தின் பின்பக்கம், தேங்கிய தண்ணீரை ஓர் ஆள் தாண்டுகிறார். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்தது. நம் எழும்பூர் பின்பக்கம் மழை பெய்த மறுநாள் நின்றால் மணிக்கு நூறு பேர் தாண்டுவார்கள்.

இனி என் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இத்தனையும் வெறும் படித்த பேச்சு.

எங்கள் மாடி பால்கனிக்கு நேர் கீழே ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் ஓர் இஸ்திரி வண்டி. குலசையிலிருந்து வந்த எரிச்சலில், வேறெங்கும் போவதில்லை, இந்த வண்டியை மட்டும்தான் எடுப்பது என்று வீம்பாகத் தொடங்கினேன். கையில் செல்போன், சில நாள் பழைய 50 எம்.எம். லென்ஸ். முதல் பத்து நாள் இரவல் படங்கள்தான்: கரி பொறி பறக்கும் பெட்டி, வியர்வை முகம், உழைக்கும் கை. ஓவியக் கண்காட்சி அழைப்பிதழில் போடலாம், அதற்குமேல் ஒன்றுமில்லை. பதினோராம் நாளிலிருந்து என்ன எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். உந்துதல் வற்றிவிட்டது என்று நண்பர்கள் சொல்லும் இடம் இதுதான். ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய இடமாம்.

கிளம்பாமல் நின்றதில் ஒரு நாள் இஸ்திரிக்காரர் கேட்டார். “இன்னா சார், தினம் இதையே எடுக்கிறீங்க? நேத்து எடுத்தது சரியா வரலையா?” படக்கலை பற்றி என்னிடம் கேட்கப்பட்டதிலேயே சரியான கேள்வி அது. வரவில்லை என்றேன். “எத்தினி மணிக்கு எடுத்தீங்க?” ஒன்பது என்றேன். “அப்ப வராது.”

ஏன் வராது என்று அவர் விளக்கியதை அப்படியே எழுதினால் ஒரு வகுப்பு முடிந்துவிடும். அவருக்கு நிழல் என்பது ரசனை இல்லை, பிழைப்பு. வெயிலில் நின்றால் கரிச் சூட்டோடு சேர்த்து ஆளும் வெந்துவிடுவார். அதனால் வருடம் முழுக்க வண்டியை நிழலோடு சேர்த்து நகர்த்துகிறார். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே உதிப்பதால் காலை நிழல் வடமேற்கே சாயும்; வண்டி எதிர்வீட்டு கேட் பக்கம் நிற்கும். வைகாசியில் உதயம் வடகிழக்குக்கு ஏறிவிட, நிழல் தென்மேற்கே திரும்பும். வண்டி எங்கள் சுவரோரம் வந்துவிடும். சித்திரையில் ஒரு நாள், ஆவணியில் ஒரு நாள் உச்சியில் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். சென்னைக்கு அது ஏறக்குறைய ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 என்று நான் பின்னால் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தூங்குமூஞ்சி இலைகளை மூட, நிழல் முழுக்கப் பொத்தலாகி, வெள்ளை வேட்டிகளின்மேல் வெளிச்சம் சில்லறை சில்லறையாகக் கொட்டும் என்றும் அவர்தான் சொன்னார். “அதுக்கு மேல வெள்ளத் துணி தேய்க்க மாட்டேன் சார், மடிப்பு கண்ணுக்குத் தெரியாது.”

புகை இருந்தது, அதுவும் என் கண்ணில் படவில்லை. காலை ஏழரைக்குக் கொட்டாங்கச்சியும் கரியும் போட்டு, பெட்டியைத் திறந்து தரையில் வைத்து, அட்டையால் விசிறுவார். அந்த இருபது நிமிடப் புகையில் வெயில் எதிரே வந்தால் தெருவே வேறு தெரு. செல்போனில் எடுத்தால் புகை வெளிறிப்போய் ஈரத்துணி போலத் தெரிந்தது. பல படங்களை ஒன்றாகச் சேர்த்து நிழலையெல்லாம் போனே வெளுக்கவைக்கிறது என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. திரையில் புகைமேல் விரலை அழுத்தி, வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினால்தான் இருட்டு இருட்டாக இருக்கும், புகைக்கு உடம்பு கிடைக்கும். எந்தத் திருவிழாவிலும் இதைக் கற்றிருக்க முடியாது. அடுத்த நாள் அதே புகை அதே இடத்தில் திரும்ப வந்ததால்தான் கற்றேன். பதினொரு மாதத்தில் அறுநூற்றுச் சொச்சம் எடுத்து, பதினான்கு தேறின. குலசைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் நடந்தது. இஸ்திரிக்காரரின் மனைவி ஒரு நாள் வந்து, “என்னை எடுக்காதீங்கண்ணா” என்றார். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? காசியில் இந்தத் தொல்லை இல்லை. எடுத்தவர் முகத்தில் இனி ஜென்மத்துக்கும் விழிக்க வேண்டாம். தூர தேசத்துப் படங்களில் இருக்கும் அந்தத் துணிச்சலில் பெரும்பங்கு இந்த வசதியிலிருந்து வருவது. நாம் தேடிப்போகும் அதிசயம் அங்கே யாரோ ஒருவருக்கு வெறும் செவ்வாய்க்கிழமை. அவர் துணி துவைக்கிறார், படகு தள்ளுகிறார். அந்தச் செவ்வாய்க்கிழமையை நாம் அதிசயம் என்கிறோம். நம்முடையதை ஒன்றுமில்லை என்கிறோம்.

அன்றாடம் என்றால் சின்ன விஷயம், சொகுசான விஷயம் என்றும் ஓர் இளக்காரம் உண்டு. மதுரைக்காரரான எம். பழனிகுமார் துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் வருடக்கணக்கில் ஆவணப்படுத்திய புகைப்படக்காரர். மீன் விற்று வீட்டைத் தாங்கிய தன் தாயையும் அதே கண்ணால் எடுத்தவர். அதில் எது அன்றாடம், எது அரசியல் என்று பிரித்துக்காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

என் கட்சிக்காரர்களையும் கொஞ்சம் திட்ட வேண்டும். வீட்டிலிருந்தே எடுக்கிறேன் என்று டபராவில் நுரை பொங்கும் காபி, பாட்டியின் சுருங்கிய கை, பாசி படிந்த கிணற்றடி என்று போட்டுத் தள்ளுகிறார்கள். அது சொந்த வீட்டிலேயே சுற்றுலா போவது. பாட்டிக்கு எழுபது வருடமாக அந்தக் கை இருக்கிறது. அதில் பேரனுக்குத் தெரிவது சுருக்கம் மட்டும்தானா? காசிச் சாமியாரின் தாடிக்கும் இந்தச் சுருக்கத்துக்கும் படம் எடுத்தவர் மனத்தில் வித்தியாசம் இல்லை. ஊரை மாற்றாமல் இருந்தால் மட்டும் போதாது.

செல்போன் வந்து படம் மலிந்துவிட்டது என்ற புலம்பலுக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. மலிந்தவை பிறந்தநாள் கேக்கும், மூணாறு வளைவில் நின்று எடுத்த செல்ஃபியும். இஸ்திரிப் புகை மலியவில்லை.

உந்துதல் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அட்ஜேயைச் சொல்வேன். நாடக நடிகராகத் தோற்று, பாரிசின் கடைவாசல்களையும் மாடிப்படிகளையும் சந்துகளையும் முப்பது வருடம் போலக் கண்ணாடித் தகடுகளில் எடுத்தவர். கலைஞன் என்று பலகை மாட்டவில்லை. ஓவியர்களுக்கான ஆவணங்கள் கிடைக்கும் என்றுதான் மாட்டினார். விடியற்காலை எழுந்து போனார், எடுத்தார், விற்றார். மளிகைக்கடைக்காரருக்குக் கடை திறக்க உந்துதல் வேண்டுமா என்ன? 1927இல் அவர் இறந்த பிறகு பெரெனீஸ் அபட் என்ற அமெரிக்கப் பெண் அந்தத் தகடுகளைக் காப்பாற்றாமல் போயிருந்தால், உந்துதல் இல்லாமல் எடுக்கப்பட்ட அந்தப் படங்களில் பல நமக்குக் கிடைத்திருக்காது.

போன மாதம் எங்கள் தெருவில் கரிப்பெட்டி போய் கேஸ் பெட்டி வந்தது. வண்டிக் கூரையிலிருந்து ரப்பர் டியூப் தொங்குகிறது, கீழே சின்ன சிலிண்டர். புகை இல்லை, பொறி இல்லை. இஸ்திரிக்காரருக்கு இருமல் குறைந்திருக்கிறது. நண்பருக்கு விஷயம் தெரிந்து போன் செய்தார். குரலில் வெற்றி தெரிந்தது. “இனிமே அங்க என்ன இருக்கு எடுக்க? புஷ்கருக்கு ஒரு சீட் காலியா இருக்கு.”

பேசிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து குரல். “சார்! இந்த டியூப்பு நிழலு சட்ட மேல விழுந்து ஓடுது, வந்து பாருங்க.” போனை வைத்துவிட்டு இறங்கினேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போவதற்குள் வெயில் நகர்ந்திருந்தது; வெள்ளைச் சட்டை மடிந்து மூட்டைக்குள் போயிருந்தது.

“நாளைக்குப் பத்தரைக்கு வாங்க” என்றார்.